பார்வைக் கணக்கு

திருமலை வீதி எக்ஸ்ரே நிலையத்தின்
பின்னறையை இப்போது யாரும் திறப்பதில்லை.
படமெல்லாம் கணினிக்குப் போய்விட்டது.
கழுவித் தொங்கவிட்ட நெஞ்செலும்புகளின்
புளித்த வாடை மட்டும் சுவரில்.
முதலாளி சாவியை என்னிடமே விட்டார்.
உள்ளே என்ன வைக்கிறேன் என்று கேட்கவில்லை.

மூன்று கற்கள்.

ஒன்று சாதிலிங்கம். வெளிச்சத்தில் கறுக்கும்.
ஒன்று தாளகம். மறுபெயர் அரிதாரம்,
விடியவிடிய ஆடிய கூத்தர்கள்
முகத்தில் அப்பி ராசாவான நஞ்சு.
மூன்றாவது மனோசிலை.
அது தனியே கிடக்க வேண்டாமென்றுதான்
மற்ற இரண்டையும் வாங்கினேன்.

ஏறாவூர் முபீத் நானா
இரத்தினக்கல் தேடி பாங்கொக் போனபோது
யாரும் நிற்காத ஒரு மேசையில் கண்டாராம்.
கறுப்புத் துணி மூன்று சுற்று.
மேலே அவர் கையெழுத்தில்:
‘தங்கச்சி, நக்கிப் பார்த்திராதீங்க.’

முதல்நாள் ஜன்னலோரம் பிடித்தேன்.
செவ்வரத்தைச் சிவப்பில்லை.
நண்டு வெந்த சிவப்புமில்லை.
உள்ளே யாரோ
அணைக்க மறந்துவிட்டுப் போன சிவப்பு.

அன்றே கொப்பி போட்டேன்.
மார்ச் ஒன்பது. நாற்பது வினாடி. முதற்பார்வை.
யூன் இரண்டு. பத்து வினாடி.
வாவிக்காற்று பெட்டிக்குள் வந்ததா என்று.
செப்டெம்பர் பதினெட்டு. நான்கு வினாடி.
காரணம் எழுதும் இடம் வெறுமை.

‘என்ன கா, மாணிக்கமா?’ என்றாள் டிலோஜினி.
ஆர்செனிக் என்றேன்.
‘பாஷாணமா! மறுகா என்னத்துக்கு வச்சிரிக்காய்?’
வடிவா இரிக்கும்.
‘அப்ப காட்டன்.’
பார்த்தால் கெட்டுப்போகும்.
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பிறகு, சிரிப்பு எங்கோ நின்றுபோய்,
நோயாளியின் பெயரைக் கூப்பிடப் போனாள்.

நவம்பர் வெள்ளம்.
கல்லடியிலிருந்து பாலம் கடந்து
முழங்கால் தண்ணீரில் போய்
பெட்டியைத் தலையில் தூக்கி வந்தேன்.
எதிரே வந்த மனிசன்
சைக்கிளை ஒதுக்கி வழிவிட்டார்.
‘அம்மன்ட பெட்டியா, மகள்?’
ஓம் என்றேன்.
செருப்பைக் கழற்றிவிட்டார், அந்தத் தண்ணீருக்குள்.

இனி, நான் செய்த பிழை.

இருட்டறையில் பழைய சிவப்பு விளக்கு
இன்னும் எரியும்.
பிலிமுக்குத் தீங்கு செய்யாத விளக்கு.
இருபது வருடம் அதன் கீழ்
என் கைகள் வேலை செய்தன.
அதை நான் வெளிச்சமென்றே எண்ணவில்லை.
நிலையம் பூட்டியிருக்கும் ஞாயிறுகளில்
போய், விளக்கைப் போட்டு, பெட்டியைத் திறந்து
முன்னால் இருந்தேன்.
கொப்பியில் எழுதவில்லை.

சிவப்பு விளக்கில் சிவப்புக்கல் சிவக்காது.
ஒரு துண்டுக் கற்கண்டுபோல் வெளிறித் தெரியும்.
நான் பார்த்தது அதைத்தான்.
அது அல்லாத ஒன்றை,
மணிக்கணக்காக.

போன மாதம் மூடியின் ஓரத்தில்
மஞ்சள் தூள்.
தேடி வாசித்தேன்:
இந்தக் கல்லைத் தின்னும் வெளிச்சம்
பச்சையில் தொடங்கி, செம்மஞ்சள் தாண்டி,
சிவப்பின் கரைவரை வருமாம்.
அவ்வளவு பயந்த வெயில் நாற்பது வினாடி.
பயப்படாத விளக்கு
அறுபத்துமூன்று ஞாயிறு.

கையுறை. முகக்கவசம்.
ஊதக்கூடாது, தூரிகை ஆகாது.
ஈரக்கடதாசியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
கடதாசி உறைக்குள், உறை இன்னொன்றுக்குள்.
கல் இன்னும் பாதிக்குமேல் சிவப்பு,
கடைசியாகப் பார்த்த இரண்டு வினாடிப்படி.

துணி மடிப்பில் கிடந்த கொஞ்சத் தூளை
எறிய மனமில்லை.
சிறு புட்டியில் இட்டு மெழுகால் அடைத்தேன்.
நச்சு, திறக்காதே என்று ஒட்டினேன்.
அதன் கீழ், சின்ன எழுத்தில்: ஞாயிறு.

டிலோஜினி புட்டியைத் தொடாமல்
குனிந்து வாசித்தாள்.
‘ஏன் கா கிழமை போட்டிரிக்காய்?
எக்ஸ்பயரியா?’